சாவியக்கா வீட்டுப் பிள்ளை எடுத்த கதவுகள்

சாவியக்காவைப் பற்றி எங்கள் குடியிருப்பில் முதலில் எழுதி வைத்தவன் நான்தான். நாற்பது பக்க நோட்டில் பத்தொன்பது பக்கம். அதில் குறித்த நேரங்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவில்தான் பிழை. பிழையான பதிவைக் கிழித்துப் போடக் கூடாது. பக்கத்திலேயே சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளும் அப்படித்தான் செய்தேன். இதையும் அப்படியே செய்கிறேன்.

சாவியக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. நான்காவது மாடியில் படிக்கட்டை ஒட்டிய வீடு. பத்தொன்பது வயதில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் உட்கார்ந்தார். முடிந்து வரும் ஒவ்வொரு பூட்டையும் மூன்று முறை திறந்து மூன்று முறை பூட்டிப் பார்க்க வேண்டும். நாளுக்கு அறுநூறு பூட்டு. பதினாறு ஆண்டு அதைச் செய்தார். இடையில் ஒரு கல்யாணம் நடந்து ஒரு வருடத்துக்குள் முடிந்தது. அதைப் பற்றி என் மனைவி ஒருமுறை கேட்டபோது, "பொருந்தல அக்கா. அரம் போட்டுத் தேய்ச்சும் பார்த்தாச்சு" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய அண்ணனும் அண்ணியும் பிரிந்தார்கள். பிள்ளையை மற்றவர் வைத்துக்கொள்வார் என்று இருவரும் சொன்னார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை; பேச்சு வரவில்லை; கூப்பிட்டால் திரும்பாது; மிக்சி ஓடினால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும். "ஒரு வாரம் பார்த்துக்கோன்னு விட்டுட்டுப் போனாங்க சார். அந்த வாரம் இன்னும் முடியல" என்பார் சாவியக்கா. மறு வருடம் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். ஷிப்டு வேலைக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாமல் தொழிற்சாலையை விட்டு, எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோவை ஒட்டி நான்கடி அகலக் கடை ஒன்றை எடுத்து மாற்றுச் சாவி வெட்ட ஆரம்பித்தார். இயந்திரம் போடும் சத்தத்துக்கு அந்தப் பிள்ளை அழவில்லை. "எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்னு அவளுக்குத் தெரியும். நான் விரலைத் தூக்கினா சத்தம், இறக்கினா அமைதி. திடீர்னு வர்றதுதான் அவளுக்கு ஆகாது."

கடையில் அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாவி கொண்டு வருபவரை அவர் நம்பமாட்டார். அறிமுகமில்லாதவர் வந்தால், சாவியை வெட்டிவிட்டு, கையில் கொடுக்காமல், அவருடனேயே வீடுவரை நடந்துபோய், அந்தக் கதவில் போட்டுத் திறந்து காட்டிய பிறகுதான் தருவார். சோப்பில் அச்செடுத்துக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். போனில் சாவியைப் படம் எடுத்து அனுப்புபவர்களையும் அப்படியே. "படத்தை வச்சு வெட்டலாம், வராதுன்னு இல்ல. ஆனா பூட்டு யாரோடதுன்னு படம் சொல்லுமா?" இதை அவர் பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். பின்னால் இதுவே அவருக்கு வினையானது.

பிள்ளையை அவர் கண்ணு என்று கூப்பிடுவார். மற்ற பிள்ளைகள் போட்டோ என்பார்கள். எட்டு வயதுவரை கண்ணுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது: பூட்டிய கதவைக் கண்டால் தரையில் படுத்துக் கதவடி இடுக்கில் கண்ணை வைக்கும். எங்கள் குடியிருப்பில் அதனால் எழுதப்பட்ட புகார்கள் பதினான்கு. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. அந்தச் சமயத்தில்தான் ஸ்டூடியோக்காரர் தன் பழைய சிறிய கேமரா ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தார். சாவியக்கா ஒரு விதி வைத்தார்: கண்ணை வைக்கக் கூடாது, கேமராவை வைக்கலாம், கதவிலிருந்து மூன்று டைல்ஸ் தள்ளித்தான் உட்கார வேண்டும். விதி என்றால் கண்ணுவுக்கு விதிதான். அதன்பின் புகார்கள் நின்றன. தினமும் மாலை நாலரை மணிக்கு நான்காவது மாடியில் தொடங்கி முதல் மாடிவரை, மாடிக்கு ஆறு வீடு, தன் வீட்டை விட்டுவிட்டு இருபத்து மூன்று கதவு. கதவுக்கு ஒரு படம். மூன்று ஆண்டுகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை மூன்றாவது மாடி மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

மாலை ஐந்து இருபதுக்கு அவர் மனைவி திரும்பி வந்தபோது கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே எதுவும் காணாமல் போகவில்லை. கலைந்திருக்கவும் இல்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. திருட்டு என்றால் போன பொருளைச் சொல்லலாம். ஒன்றுமே போகவில்லை என்றால், யாரோ பழகிப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்?

மருந்துக்கடைக்காரர் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சாவி வெட்டற வீட்டுலேர்ந்து ஒரு பிள்ளை தினமும் வந்து நம்ம கதவை எல்லாம் படம் எடுத்துட்டுப் போகுது. நாம எல்லாரும் பாவம் பாவம்னு பார்த்துட்டு இருக்கோம். படத்தை வச்சே சாவி வெட்டலாம்னு அந்த அம்மாவே சொல்லியிருக்கு. நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அப்ப?"

என் மனைவி உள்ளிருந்து, "கதவுல சாவியைத் தொங்கவிட்டுட்டா போறீங்க, படம் எடுக்க?" என்றாள். ஆனாலும் எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது.

குடியிருப்புச் சங்கத்தின் பதிவேட்டை நான்தான் பதினோரு ஆண்டுகளாக எழுதுகிறேன். ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதால் தனி நோட்டுப் போட்டேன். மறுநாள் முதல் நாலேகாலுக்கே என் கதவின் உள்பக்கம் நின்று, கதவில் பதித்த வட்டக் கண்ணாடி வழியே பார்க்க ஆரம்பித்தேன். நான் இருப்பது இரண்டாம் மாடியில் கடைசி வீடு. அங்கிருந்து தாழ்வாரம் முழுதும் தெரியும். பிள்ளை எந்தக் கதவு முன் எப்போது உட்கார்ந்தது, எத்தனை விநாடி இருந்தது, எப்போது எழுந்தது என்று குறித்தேன்.

"அந்தப் பிள்ளை கதவைப் படம் எடுக்குது. நீங்க அந்தப் பிள்ளையை எழுத்துல படம் எடுக்கறீங்க" என்றாள் என் மனைவி. "காபி ஆறுது. அதையும் எழுதிக்கோங்க."

ஒரு வாரத்தில் ஒன்று தெளிவானது. மற்றக் கதவுகள் முன் பிள்ளை பத்து முதல் பதினான்கு விநாடி இருந்தது. என் கதவு முன் மட்டும் நாற்பத்தைந்து முதல் அறுபது விநாடி. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அடுத்த குறி என் வீடு என்று எழுதி அடிக்கோடிட்டேன். பத்தொன்பது நாளில் இரண்டு நாள் பிள்ளை வெளியே வரவே இல்லை. அந்த இரண்டு தேதிகளுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டேன். அன்றைக்கு வேறெங்கே போனார்கள்?

நோட்டைச் சங்கத் தலைவரிடம் காட்டினேன். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். எதிலும் முதலில் பிரேக்கில் காலை வைப்பார். பன்னிரண்டு நாள் கழித்து வரும் ஞாயிறு பொதுக்கூட்டத்தில் முடிவெடுப்போம், அதுவரை கேமரா வெளியே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சொல்லப் போனது நான். சாவியக்கா கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்து கேட்டுக்கொண்டார்.

"தடை போட்டா நிரந்தரமா?"

"கூட்டத்துலதான் தெரியும்."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"பார்த்ததை."

"எல்லாரும் பார்த்ததைத்தான் சொல்றாங்க" என்று கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டு நாட்களும் என்ன நடந்தது என்பது முதல் மாடி நர்ஸம்மா சொல்லித் தெரியும். மருத்துவமனை ஷிப்டு முடிந்து மாலை நான்கு மணிக்குத் திரும்பும் அவர் மட்டும்தான் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். கண்ணு நாலரை மணிக்குத் தன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் போய் நெற்றியை ஒட்டி நிற்கும். ஐந்து மணிக்கு நகரும். மூன்றாம் நாளிலிருந்து பள்ளிக்குப் போகவும் மறுத்தது. கடைக்கும் வரவில்லை. தலையை மோதும் பழக்கம் திரும்பியது. சாவியக்கா கடையைத் திறக்கவே முடியவில்லை. வேறு வீடு பார்க்க நர்ஸம்மாவைப் பிள்ளைக்குத் துணை வைத்துவிட்டுப் போனார். ஆறு வீடு பார்த்தார். தொழில் என்ன என்று கேட்டார்கள், சொன்னார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்கள், அதையும் சொன்னார். ஆறிலும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாம்.

"தடை போட்டா அவங்க போயே ஆகணும் சார். போக இடமும் இல்ல" என்றார் நர்ஸம்மா. "எட்டு வருஷமா அந்தப் பிள்ளை வெளியே வர்றதுக்கு அவங்க கண்டுபிடிச்ச ஒரே வழி அந்தக் கேமரா. நீங்க ஒரு நோட்டைக் காட்டி அடைச்சுட்டீங்க."

"நான் அடைக்கல. எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

எனக்குக் கோபம் வந்தது. பதிவு வேறு, தீர்ப்பு வேறு என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, ஊசி போடப் போகும் கையைத் துடைப்பதுபோலக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. சாவியக்கா. பின்னால் கண்ணு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. சாவியக்கா கையில் ஓர் அட்டைப் பெட்டி.

"உள்ளே வரலாமா சார்?"

நான் வழி விட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கே எத்தனை கதவு, எது வெளியே போகிற வழி என்று பார்ப்பது தெரிந்தது. பிறகு பிள்ளையை வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தானும் அருகிலேயே நின்றார். பெட்டியை மேசையில் வைத்தார்.

"நீங்க நோட்டுப் போட்ட பத்தொன்பது நாளுக்கும் அவ எடுத்தது இது. ஸ்டூடியோ அண்ணன் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார், நான் வெட்டி வைப்பேன். நீங்க கணக்கா இருக்கறவர்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப இதையும் எண்ணிப் பார்த்துட்டு நாளைக்குப் பேசுங்க."

"இதை நீங்க மாத்தி எடுத்துட்டு வரலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என் மனைவி, "ஏங்க!" என்றாள்.

சாவியக்கா கோபப்படவில்லை. "நல்ல கேள்வி. படத்து மூலையில தேதி, மணி இருக்கு. உங்க நோட்டோட வச்சுப் பாருங்க" என்றார்.

தீப்பெட்டி அளவுப் படங்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அந்த எண்ணிக்கையை இருபத்து மூன்றால் வகுத்தேன், பதினேழு நாள். நான் கேள்விக்குறி போட்ட இரண்டு நாள் இல்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஆரஞ்சு எழுத்தில் தேதியும் மணியும் இருந்தன. கேமரா கடிகாரம் என் கடிகாரத்தைவிட மூன்று நிமிடம் வேகம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டாம் மாடிக் கதவுகள் அத்தனையும் என் நோட்டோடு அப்படியே பொருந்தின. படங்கள் உண்மைதான். பிறகுதான் அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

பூட்டு ஒன்றில்கூட இல்லை. கைப்பிடி இல்லை. வீட்டு எண் இல்லை. எல்லாம் கதவின் அடிப்பகுதி. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு. எங்கள் வீடுகளுக்கு வாசல் கிழக்கே, ஜன்னல் மேற்கே. நாலரை மணி வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, கதவடியில் கசிந்து இருட்டுத் தாழ்வாரத்தில் விழும். அந்த வெளிச்சத்தைத்தான் பிள்ளை எடுத்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்த வாசலில் கோடு இரண்டாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் பூனையின் நான்கு கால். ஒரு வீட்டில் துடைப்பம் நடுவழியில் நின்றது. ஒன்றில் வெளிச்சம் பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து கதவடியில் படுத்திருந்தது என்று சாவியக்கா சொன்னார். பல படங்களில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தன. அவை கதவுக்குப் பின்னால் நிற்பவரின் கால்கள்.

"ரெண்டு நாள் ஏன் வரல?" என்று கேட்டேன்.

"மேகம். வெளிச்சம் இல்லன்னா அவ வரமாட்டா."

என் நோட்டில் தேதி, கிழமை, மணி, விநாடி எல்லாம் இருந்தன. வானம் இல்லை.

படங்களைத் தேதி வாரியாக, கதவு வாரியாக மேசையில் அடுக்கினேன். அப்போதுதான் கண்ணு காதிலிருந்து கையை எடுத்தது. எழுந்து வந்து என் வரிசைகளை இரண்டு கையாலும் கலைத்தது.

"கண்ணு, வேண்டாம்டா" என்றார் சாவியக்கா.

அது கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரிசையாக வைத்தது; ஓரம் வந்ததும் கீழே அடுத்த வரிசை. வெளிச்சக் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து வரிசைக்கு ஒரு கோடாயின. முதல் படத்தில் கறுப்புப் பட்டைகள் இடது ஓரத்தில். அடுத்ததில் சற்றுத் தள்ளி. அடுத்ததில் இன்னும் தள்ளி. வெவ்வேறு வீட்டு, வெவ்வேறு நாள் கால்கள். ஆனால் பார்க்கும்போது ஒரே ஆள் எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் நிதானமாக நடந்து போவது போல இருந்தது. நடுவில் ஒரு பூனை குறுக்கே போனது. நடந்தவர் அதற்கு வழி விட்டு நின்று, மறுபடி நடந்தார்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வருகையையும் புறப்பாட்டையும் எழுதியவன். இடையில் நடப்பதை ஒருபோதும் எழுதியதில்லை.

பதினேழு படங்கள் மட்டும் வரிசையில் சேரவில்லை. கண்ணு அவற்றைத் தனியே ஒரு கட்டாக ஒதுக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். பதினேழும் ஒரே மாதிரி: நட்டநடுவில் இரண்டு பட்டை, அசையாமல். மணி பார்த்தேன். என் கதவு. என் கால்கள்.

"இது உங்களுது" என்றார் சாவியக்கா. "ஒருத்தர் கதவுக்குப் பின்னால நின்னா கொஞ்ச நேரத்துல நகருவாங்க. அவ அதுக்குக் காத்திருப்பா. உங்க வீட்டுல நிமிஷக் கணக்கா காத்திருந்தும் நகரவே இல்லன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவா. நான்தான், விடு கண்ணு, அந்த ஐயா நம்மளை எழுதிட்டு இருக்கார்னேன்."

நான் அடிக்கோடிட்ட அறுபது விநாடிக்குக் காரணம் நானே.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். அவரவர் வீட்டு நாற்காலி. இருபத்தொரு வீட்டார் வந்திருந்தார்கள். சாவியக்கா தூணை ஒட்டி நின்றார், உட்காரவில்லை. பிள்ளையை மேலே நர்ஸம்மாவின் தங்கை பார்த்துக்கொண்டாள். தலைவர் என்னை ஆதாரத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். விநாடி உட்பட. மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, என் கதவு முன் பிள்ளை இருந்த ஒவ்வொரு நேரத்திலும் அதன் பின்னால் நின்றது நான் என்று சொல்லி, படங்களைச் சுற்றுக்கு விட்டேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் கதவைத் தேட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் வீட்டு எண்ணை முந்தின இரவே பென்சிலில் நான் எழுதி வைத்திருந்தேன்.

"ஏங்க, இது நம்ம வீடு. செவ்வாய்க்கிழமை நாலரை. நான் எங்க அம்மா வீட்டுல இருந்தேன். நீங்க அன்னைக்கு யாரையோ பார்க்கணும்னு வெளியூர் போயிருந்தீங்களே. இது யாரு காலு?" என்றார் இன்சூரன்ஸ்காரர் மனைவி.

"நாற்காலிக் காலா இருக்கும்."

"நாற்காலிக்கு எப்பலேர்ந்து ரெண்டு காலு?"

சிரிப்பு எழுந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. ஆனா கையில என்ன வச்சிருக்கீங்கன்னு யோசிங்க. எந்த வீட்டுல எந்த நேரம் ஆள் இருக்கு, எந்த வீட்டுல இல்ல. தேதி போட்டு, மணி போட்டு, மூணு வருஷமா! பூட்டைப் படம் எடுத்திருந்தாக்கூட பரவாயில்லையே. ஒரு திருடனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

சிரிப்பு அப்படியே நின்றது. கையில் படம் வைத்திருந்தவர்கள் அதைச் சூடுபட்டதுபோல மேசையில் போட்டார்கள். சாவியக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் நம்பிக் கொடுத்த பெட்டியை நான் அவருக்கு எதிரான சாட்சியாக்கியிருந்தேன். பின்பக்கத்தில் எண் எழுதியது வேறு என் கை.

மருந்துக்கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. என் பையிலிருந்து சங்கப் பதிவேட்டை எடுத்து அந்தப் படங்களின் பக்கத்தில் வைத்தேன்.

"திருடனுக்கு இதைவிட நல்ல புத்தகம் என்கிட்ட இருக்கு. யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க, எந்த வீடு எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதிவரைக்கும் பூட்டிக் கிடந்தது, எல்லாம் பதினோரு வருஷத்துக்கு இருக்கு. மருந்துக்கடை சார், நீங்க போன மாசம் நாலு நாள் ஊர்ல இல்ல. நூத்து அறுபத்திரண்டாம் பக்கம். இந்தப் புத்தகம் என் வீட்டுல பூட்டு இல்லாத அலமாரியில இருக்கு. பதினோரு வருஷத்துல ஒருத்தராவது என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

"நான் பட்டேன்" என்றாள் என் மனைவி பின்வரிசையிலிருந்து.

"உன்னைக் கேட்கல."

"கேட்காமத்தான் பட்டேன்."

நர்ஸம்மா எழுந்தார். "சார் எழுதினா ஒழுங்கு. அந்தப் பிள்ளை எடுத்தா உளவு. சாவி வெட்டற வீடுங்கறதாலயா, பிள்ளை நம்ம முகத்தைப் பார்த்துப் பேசலங்கறதாலயா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லிட்டு ஓட்டுப் போடுங்க."

முக்கால் மணி நேரம் பேச்சு நடந்தது. முடிவில் மூன்று நிபந்தனை. கேமராவில் தேதியும் மணியும் வரக் கூடாது. தன் கதவை எடுப்பது பிடிக்காதவர் கதவடியில் மஞ்சள் டேப் ஒட்டலாம். பிள்ளை அதைத் தாண்டிப் போக வேண்டும். மூன்றாவதை மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "அப்ப சாரோட புத்தகத்தையும் மூடணும்." நியாயம்தான். ஒப்புக்கொண்டேன். கை தூக்கியவர்கள் பதின்மூன்று, எதிர்த்தவர்கள் ஏழு. தன் விஷயத்தில் தான் கை தூக்க மாட்டேன் என்று சாவியக்கா சொல்லிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து நாற்காலியை மடக்குவதை நிறுத்தினேன்.

"படத்துக்குப் பின்னாடி எழுதினதை எல்லாம் அழிச்சுக் கொடுங்க சார். முந்நூத்துத் தொண்ணூத்தொண்ணும் இருக்கணும்" என்றார்.

அழித்து, எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

திங்கள் மாலை ஒன்பது கதவில் மஞ்சள் டேப் இருந்தது. ஏழு பேர்தான் எதிர்த்தார்கள்; கை தூக்கி ஆதரித்தவர்களில் இரண்டு பேரும் ஒட்டியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. நாலரை மணிக்குக் கண்ணு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை, வெயில் நன்றாக இருந்தது. புதன்கிழமை நாலு முப்பத்தெட்டுக்குத் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியில் கண் வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இடது ஓரத்தில் நின்றேன். சத்தம் மூன்று டைல்ஸ் தள்ளி நின்றது. இடமிருந்து வலமாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். இந்த முட்டியோடு அது எளிதல்ல. மூன்றாவது அடியில் கேமரா சத்தம் கேட்டது. உடனே எழுந்து போய்விட்டது. பன்னிரண்டு விநாடிக்குமேல் இருக்காது.

இப்போது பல வீடுகளில் நாலரைக்கு இப்படி யாராவது நடக்கிறார்கள். பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், கையை ஊன்றித் தலைகீழாகவும். ஸ்டூடியோக்காரர் தன் கடைச் சுவரில் ஒரு வரிசை ஒட்டக் கேட்டார். யாரெல்லாம் வந்து பார்ப்பார்கள் என்று சாவியக்கா மூன்று வாரம் விசாரித்த பிறகு, பதினைந்து படம் மட்டும் கொடுத்தார். டேப் ஐந்தாகக் குறைந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரருடையது அப்படியே இருக்கிறது. ஓரம் பிரிந்தால் புதிதாக ஒட்டுகிறார். அவர் கதவை அன்று திறந்தது யார், அல்லது சரியாகச் சாத்தாமல் போனது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும்.

தடை நீங்கிய நாளிலிருந்து கண்ணு வரும்போதெல்லாம் சாவியக்கா படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று எங்கள் கதவுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடையை அந்த நேரத்தில் அடைத்துவிட்டு வருவார். யாராவது கதவைத் திறந்தால் இரண்டு படி இறங்குவார். என் மனைவி ஒரு நாள், "நாங்க கடிக்க மாட்டோம்மா" என்றாள். "தெரியும் அக்கா. பார்த்துக்கறேன், அவ்வளவுதான்" என்றார், கண்ணை எடுக்காமல்.

போன வாரம் ஒரு நாள் பிள்ளை போன பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் யாரும் இல்லை. கீழே நர்ஸம்மா கண்ணுவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா எங்கே?"

"கடையில. பள்ளிக்கூடத்துக்கு முப்பது சாவி வெட்டணுமாம். நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியில பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்."

"வீட்டுச் சாவி?"

அவர் கையைத் திறந்து காட்டினார். பளபளவென்று ஒரு புதுச் சாவி. பல்லில் வெட்டிய தூள் இன்னும் போகவில்லை.

"எங்கூடவே நடந்து வந்து, கதவுல போட்டுத் திறந்து காட்டிட்டுத்தான் கொடுத்தாங்க" என்றார்.

எனக்கு அப்படி ஒன்று தரவில்லை. தர வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன்.